மறைந்த தொகுதியும் மறையாத குரலும்
நாகர்கோயில் பாராளுமன்றத் தொகுதியின் வரலாறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு வேறொரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். ஆகவே, இன்று தேர்தல் படத்தில் இல்லாத ஒரு தொகுதியின் கதையைச் சொல்ல முன்வந்துள்ளேன். "தொகுதியாவது, அதற்கொரு கதையாவது!" என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் மனிதர்க்குப் பிறப்பும் வளர்ப்பும் மறைவும் உள்ளதுபோலவே தொகுதிகளுக்கும் உண்டு. அவ்வாறு பிறந்து, 56 ஆண்டுகள் வாழ்ந்து, மறைந்ததுதான் நாகர்கோயில் பாராளுமன்றத் தொகுதி. தாய்மொழி ஒன்றும் ஆட்சிமொழி வேறொன்றுமாக வாழ்ந்த தமிழர், வாக்குச் சீட்டைக் கொண்டு தம் நிலையை உலகறியச் செய்த இடம் அது. மைசூரில் வாழும் நமக்கு அக்கதையில் சிந்திக்க வேண்டியது மிகுதியாக உண்டு.

தொகுதி என்பது யாது?

ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை தமிழர்க்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் இதற்குச் சான்று. அவ்வூரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே அத்தகுதி இருந்தது. எளியவர்க்கு அங்கு இடமில்லை. ஆயினும் குடும்பு என்பது ஒரு தொகுதியே அன்றோ? அந்த உத்தரமேரூரும் ஒரு சதுர்வேதிமங்கலம். அதாவது ஓர் அக்ரஹாரம். நாம் இன்று கூடியிருக்கும் இவ்வட்டாரத்தின் பெயரும் அதுவே என்பது எண்ணி மகிழத்தக்கது.

மேல்நாட்டிலும் தொகுதிகளின் கதை விந்தையானது. 1707ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபோது, இலண்டன் பாராளுமன்றத்தில் ஸ்காட்லாந்துக்கு 45 இடங்களே கிடைத்தன. அவற்றுள் 30 நாட்டுப்புறக் கோட்டங்களுக்கும் 15 நகரங்களுக்குமாகப் பங்கிடப்பட்டன. எடின்பரோ நகருக்குத் தனியே ஓர் உறுப்பினர். மற்ற நகரங்கள் நான்கும் ஐந்துமாகச் சேர்ந்து ஒருவரை அனுப்ப வேண்டும். சிறிய கோட்டங்களின் நிலை இன்னும் வேடிக்கை. பியூட்டும் கெய்த்னெஸும் ஒரு சோடி. ஒரு பாராளுமன்றத்துக்கு ஒன்று உறுப்பினரை அனுப்பினால், அடுத்த பாராளுமன்றத்துக்கு மற்றொன்று அனுப்பும். தன் முறை வராத காலத்தில் அக்கோட்டத்து மக்களுக்குப் பேச ஆளே இல்லை! 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால்தான் அம்முறை ஒழிந்தது. இங்கிலாந்திலோ, ஓல்டு சாரம் என்ற குடியற்ற மேடு 1832 வரையில் இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லைக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே மக்கள் குரல் ஒலிப்பதும் ஓய்வதும் அமைகின்றன என்பதை இவை காட்டுகின்றன.

நம் மைசூருக்கும் இதில் சிறப்பான இடம் உண்டு. 1881ஆம் ஆண்டில் திவான் ரங்காசார்லு மைசூர்ப் பிரஜா பிரதிநிதி சபையைத் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் 144 பிரதிநிதிகள் கூடினர். சட்டம் இயற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. குறைகளை எடுத்துரைக்கும் உரிமை இருந்தது. ரங்காசார்லு செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். அவர் பெயரைத் தாங்கிய நகர மண்டபத்தை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். பிழைக்க வந்த இடத்தில் பிழைத்ததோடு நில்லாமல், அந்நாட்டு மக்கள் பேசுவதற்கு ஒரு மன்றம் அமைத்துக் கொடுத்தவர் அவர். இதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

திருவிதாங்கூர்த் தமிழர்

இனி நாகர்கோயிலுக்கு வருவோம். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் பல தலைமுறைகளாகத் திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தன. அங்கே 1888இல் சட்டசபையும் 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் தோன்றின. ஆயினும் ஆட்சியின் மையம் திருவனந்தபுரம்; ஆட்சியின் மொழி மலையாளம். கச்சேரிக்குச் சென்ற தமிழ்க் குடியானவன், தன் நிலத்துக்குரிய ஆவணத்தையே பிறர் படித்துச் சொல்லக் கேட்க வேண்டியவனானான்.

நாடு விடுதலை பெறும் தறுவாயில், தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற அமைப்பு அக்கோரிக்கையைச் சுமந்தது. அதன் முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் ஏ. நேசமணி. விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் 1895இல் பிறந்த அவரை மக்கள் 'மார்ஷல்' என்றே அழைத்தனர். 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாயின. அப்புதிய ராஜ்யத்தில் தமிழரின் விகிதம் முன்னிலும் குறைந்தது, கவலை பெருகிற்று.

இந்நிலையில்தான் 1951-52இல் இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் வந்தது. திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் பாராளுமன்றத் தொகுதிகளுள் ஒன்றாக நாகர்கோயில் பிறந்தது. அந்தத் தேர்தலில் நாகர்கோயில் மக்கள் நேசமணியைத் தேர்ந்தெடுத்து டில்லிக்கு அனுப்பினர். அதே தேர்தலில் சட்டசபைக்கு அவருடைய கட்சியினர் 8 பேர் வெற்றி பெற்றனர். 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் 12 பேராயினர். எங்கள் விருப்பம் இதுவே என்று மக்கள் சொல்வதற்கு இதனினும் தெளிவான மொழி வேண்டுமோ?

ஆயினும் வாக்கு ஒன்றால் மட்டும் வழி திறந்துவிடவில்லை. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த கிளர்ச்சியின்போது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீசார் சுட்டதில் தமிழர் பலர் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரிசபை. மக்களைச் சுட்ட மந்திரிசபை பதவி விலக வேண்டும் என்று கோரியவர், அதே கட்சியின் பொதுச் செயலாளராகிய ராம் மனோகர் லோகியா. தம் கட்சியின் ஆட்சி என்றும் பாராமல் நீதி பேசிய வடநாட்டுத் தலைவர் அவர்! அவர் சொல் ஏற்கப்படவில்லை. எனினும் அது வரலாற்றில் நின்றுவிட்டது. அப்பகுதியில் தோன்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவ்வாண்டு செப்டம்பரில் கண்மூடினார். இணைப்பைக் காண அவர் இருந்திலர்.

பஸல் அலி, பணிக்கர், குன்ஸ்ரு ஆகிய மூவர் அடங்கிய ராஜ்யச் சீரமைப்புக் குழு, 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னையைச் சேரலாம் என்று அது பரிந்துரைத்தது. தமிழர் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் உதயமாயிற்று. அன்று சென்னை முதலமைச்சர் காமராஜர்.

அன்பர்களே! அந்நாளில் நம் அண்டையில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் அதே நவம்பர் முதல் நாளில்தான் சென்னை ராஜ்யத்தை விட்டு மைசூரைச் சேர்ந்தது. தெற்கே ஒரு தமிழன் தாய்மொழி ஆட்சிக்குள் புகுந்த அதே காலைப் பொழுதில், கொள்ளேகாலில் ஒரு கன்னடன் தன் தாய்மொழி ஆட்சிக்குள் புகுந்தான். நாகர்கோயிலில் நாம் கேட்டது நியாயம் என்றால், கொள்ளேகாலில் அவர்கள் பெற்றதும் நியாயமே. இரண்டு எல்லைகளிலும் சிறுபான்மையாகிவிட்ட மக்கள் எஞ்சியிருந்தனர். எந்தக் கோட்டை எங்கே வரைந்தாலும் கோட்டுக்கு அப்பால் சிலர் நிற்பர். அவர்களை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அரசின் உரைகல்.

தோற்ற தலைவரை ஏற்ற தொகுதி

சென்னை ராஜ்யத்துத் தொகுதியான நாகர்கோயில், 1957இல் தாணுலிங்க நாடாரையும், 1962இல் மீண்டும் நேசமணியையும் தேர்ந்தெடுத்தது. இணைப்பு முடிந்ததும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்க் காங்கிரசில் கலந்துவிட்டது. வேலை முடிந்ததும் கலைத்துக்கொள்ளும் கட்சி அரிதினும் அரிது அன்றோ?

1967இல் தமிழகமெங்கும் தி.மு.கழகத்தின் அலை எழுந்தது. 39 பாராளுமன்ற இடங்களில் காங்கிரசுக்குக் கிட்டியவை மூன்றே. அம்மூன்றனுள் ஒன்று நாகர்கோயில், வென்றவர் நேசமணி. அதே தேர்தலில், விருதுநகர்ச் சட்டசபைத் தொகுதியில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராய் இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் பள்ளிக்கூடமும் தந்தவரைச் சொந்த ஊரே கைவிட்டது.

1968 ஜூனில் நேசமணி காலமானார். நாகர்கோயிலுக்கு இடைத்தேர்தல் வந்தது. காமராஜர் அங்கே நின்றார். எதிர்த்தவர் தி.மு.க. ஆதரவு பெற்ற சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ். 1969 ஜனவரியில் நடந்த அத்தேர்தலில் காமராஜர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சென்னை ராஜ்யம் 'தமிழ்நாடு' என்று பெயர் பூண்டதும் அதே ஜனவரித் திங்களில்தான். 1971இல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணி அமைத்து 39இல் 38 இடங்களைக் கைப்பற்றின. எஞ்சிய ஒன்று நாகர்கோயில், அங்கே காமராஜர்!

இக்கதைக்கு இணையான ஒன்று நம் கர்நாடகத்தில் உண்டு. 1977இல் ரேபரேலியில் தோற்ற இந்திரா காந்தி அம்மையாரை, 1978 நவம்பரில் வீரேந்திர பாட்டீலை எதிர்த்து நின்ற இடைத்தேர்தலில் வெற்றி பெறச் செய்தது சிக்கமகளூர். அங்கே தோற்ற காமராஜருக்கு நாகர்கோயில். இங்கே தோற்ற இந்திராவுக்குச் சிக்கமகளூர். 1969இல் காங்கிரசைப் பிளந்துகொண்டு எதிரெதிரே நின்ற இருவரையும், தெற்கே இரண்டு சிறு தொகுதிகள் ஏந்திக்கொண்ட விந்தையை என்னென்பது! விதியின் ஒற்றுமை அத்தோடு முடியவில்லை. 2008ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பில் சிக்கமகளூரும் தனித் தொகுதியாக இல்லாமல் உடுப்பியோடு சேர்க்கப்பட்டது, நாகர்கோயிலும் மறைந்தது.

காமராஜர் 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். 1977இல் நாகர்கோயிலின் உறுப்பினரானவர் குமரி அனந்தன். பாராளுமன்றத்தில் தமிழிலேயே வினா எழுப்பும் உரிமைக்காகப் போராடியவர் அவர். 2025இல் இயற்கை எய்தினார். தமிழுக்காகத் தாய்நிலம் மாறிய தொகுதியிலிருந்து சென்றவர், டில்லியில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று வாதாடியது பொருத்தமே. 1980 தொடங்கி 1998 வரை ஆறு தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர் என். டென்னிஸ். 1999இல் பாரதிய ஜனதாவின் பொன். இராதாகிருஷ்ணனும், 2004இல் மார்க்சிஸ்டு கட்சியின் ஏ. வி. பெல்லார்மினும் வென்றனர். ஐந்தாண்டுக்குள் வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு! இத்தொகுதி எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுத்த பட்டாவாக இருக்கவில்லை.

மறைவும் அதன் காரணமும்

தொகுதிகளை வரைபவர் யார்? மக்கள் தொகைக் கணக்கு எடுக்கப்பட்ட பின்னர், பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தின்படி ஒரு குழு அமைகிறது. 1952, 1963, 1973, 2002 என நான்கு முறை அச்சட்டங்கள் அடிப்படையில் குழுக்கள் அமைந்தன. அக்குழு வெளியிடும் ஆணையை எதிர்த்து வழக்காட முடியாது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த குழுவின் ஆணை 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2009 தேர்தல் புதிய எல்லைப்படி நடந்தது.

முன்பிருந்த நாகர்கோயில் தொகுதியில் நாகர்கோயில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் என்னும் ஆறு சட்டமன்றப் பகுதிகள் அடங்கியிருந்தன. கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியோ, மாவட்ட எல்லை தாண்டித் திருச்செந்தூர் பாராளுமன்றத் தொகுதியில் இருந்தது. மாவட்டத்துக்குப் பெயர் தந்த முனையே மாவட்டத்தாரோடு சேர்ந்து வாக்களிக்க இயலாத நிலை! 2008இல் திருவட்டாறு நீங்கிற்று. கன்னியாகுமரி வந்து சேர்ந்தது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒன்றுகூடிக் கன்னியாகுமரி என்ற பெயரில், தமிழகத்தின் 39ஆவது பாராளுமன்றத் தொகுதியாயின.

ஆகவே நாகர்கோயில் என்ற பெயர் போயிற்று என்று வருந்துவதோடு நிற்றல் ஆகாது. நான்கு வட்டங்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றே நேசமணியும் அவர் தோழர்களும் பாடுபட்டனர். நாகர்கோயில் தொகுதி மறைந்த அந்நாளில் அந்த நான்கும் ஒரே பாராளுமன்ற உறுப்பினரின் கீழ் வந்தன. விதை அழிந்து பயிர் ஆவது போன்றது இது. பெயரை இழந்து நோக்கத்தை நிறைவேற்றிக்கொண்டது அத்தொகுதி.

ஆனால் எல்லா மாற்றங்களும் இவ்வாறு நன்மையாய் முடிவதில்லை. சென்னை ராஜ்யத்துக்கு 1957இலும் 1962இலும் 41 பாராளுமன்ற இடங்கள் இருந்தன. 1967இல் அவை 39 ஆயின. இரண்டு இடங்கள் போனபின் இரண்டு குரல்கள் குறைந்தன. பின்னர் 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம், 1971ஆம் ஆண்டுக் கணக்குப்படியே ராஜ்யங்களின் இடங்கள் நிற்க வேண்டும் என்றது. குடும்பக் கட்டுப்பாட்டைப் பேணிய ராஜ்யங்கள் அதனால் தண்டிக்கப்படலாகாது என்பது அதன் கருத்து. 2001இல் வந்த 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கு வரையில் அந்நிலையை நீட்டிற்று. இதில் தமிழ்நாட்டின் கவலையும் கர்நாடகத்தின் கவலையும் ஒன்றே. நாம் பிறந்த நாட்டுக்கும் வாழும் நாட்டுக்கும் ஒரே வழக்கு அமைந்திருப்பதை மறத்தலாகாது.

நமக்கு என்ன?

"நாகர்கோயிலார் கதை நமக்கு எதற்கு?" என்று ஓர் இளைஞர் கேட்கக்கூடும். சொல்கிறேன்.

ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே வாக்காளர் ஆகலாம். எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் ஆகலாம். இதுவே 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுவது. குடும்பத்தோடு மைசூரில் குடியிருந்துகொண்டு, பெயரை மட்டும் தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ விட்டுவைத்திருப்பவர் உண்மையில் இரண்டு இடத்திலும் இல்லாதவர். தேர்தல் நாளன்று அங்கே போக இரயில் கிடைக்காது. இங்கே பட்டியலில் பெயர் கிடைக்காது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் நீர் வரவில்லை என்று பின்னர் யாரிடம் முறையிடுவது? ஸ்காட்லாந்துக் கோட்டத்தாரைச் சட்டம் ஊமையாக்கிற்று; நம்மை நம் சோம்பலே ஊமையாக்குகிறது.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதச் சென்றபோது, வடநாட்டில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே கூறினர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலினின்றும் நீக்கப்பட்டன. கடுமையான செயல்தான், ஆனால் அடுத்த தேர்தலில் அப்பெண்கள் தம் பெயரோடு வந்தனர். இன்று நம் வீட்டுப் பெண்கள் கல்லூரியில் பயில்கின்றனர், அலுவலகங்களில் பணிபுரிகின்றனர். மணமாகிப் புக்ககம் வந்த மருமகளின் பெயரைப் பங்கீட்டு அட்டையில் சேர்க்கக் காட்டும் அவசரத்தை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதிலும் காட்ட வேண்டாமா? 18 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. திருவிதாங்கூர்த் தமிழர் பட்ட துன்பத்தின் வேர், மொழி அறியாத கச்சேரி. நாமோ நிலம் கேட்டு வந்தவர் அல்லேம். வேலை தேடி வந்து, கன்னட மக்களின் அன்பால் நிலைபெற்றவர். ஆகவே நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்கட்டும். வெளியில் கன்னடத்தையும் பிழையறக் கற்கட்டும். ஆவணத்தைப் பிறர் படித்துச் சொல்லும் நிலை நம் மக்களுக்கு வேண்டா. கன்னடம் அறிந்த தமிழனின் மனு இங்கே மதிப்போடு படிக்கப்படும். தமிழை மறந்த தமிழனோ, எந்த ஊரில் இருந்தாலும் தன் பாட்டியின் கடிதத்தைப் படிக்க ஆள் தேடுவான்.

இறுதியாக இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நாகர்கோயில் தொகுதியின் கதை நிலைத்திருப்பதற்குக் காரணம், அது ஏடுகளில் பதிவாகியிருப்பதே. நம் குடும்பங்கள் எப்போது, எவ்வூரிலிருந்து, எத்தொழிலுக்காக இங்கு வந்தன என்பதை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆண்டு மலரில் ஆண்டுக்குச் சில பக்கங்கள் அதற்கென ஒதுக்குங்கள். அத்துடன், ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கும் மேசைக்கு அருகிலேயே வாக்காளர் பெயர்ப் பதிவுக்கு உதவும் மேசை ஒன்றும் இடுங்கள். எல்லைகள் மாறும், பெயர்கள் மாறும், மைசூர் ராஜ்யமே 1973இல் கர்நாடகம் ஆயிற்று. மக்கள் பட்டியலில் இருந்து, வாக்குச் சாவடிக்கு வந்து நின்றால், அவர்கள் குரல் மட்டும் மாறாது நிற்கும்.

 தமிழும் கன்னடமும் தழைக்க! சங்கம் வளர்க!